செனட்டர் டோல்வர் யான்புவில் ஒப்புதல் பெற்ற வரலாறு

ஆவணக் கட்டுப்பாடு என்பது கோப்பு அடுக்கும் வேலைதானே என்று ஓர் இளைஞர் அண்மையில் என் முன்னிலையில் சொன்னார். அபுதாபியில் என் மகன் வீட்டில் பழைய சைட் நண்பர்கள் சிலர் கூடியிருந்த நாள் அது. அந்த இளைஞரும் என் தொழிலில் இருப்பவரே. அவருடைய நிறுவனத்தில் இப்போது ஒரு மென்பொருளே வரைபடங்களைப் பெற்று, எண் கொடுத்து, உரிய துறைகளுக்கு அனுப்பி, கருத்துகளைத் தொகுத்து, முடிவையும் அறிவித்துவிடுகிறதாம். "அப்ப நீங்கல்லாம் என்ன சார் பண்ணிட்டிருந்தீங்க?" என்று கேட்டார். கேள்வியில் கெட்ட எண்ணம் இல்லை. ஆனால் நான் வாய் திறப்பதற்குள் அருகிலிருந்த மற்றொருவர், "சார்தான் செத்துப்போன அமெரிக்காக்காரனுக்கு சேஃப்டி ட்ரெயினிங் குடுத்தவரு, தெரியாதா?" என்றார். கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். என் மருமகளும் சிரித்தாள்.

இந்தக் கதை வளைகுடாவின் சைட்டுகளிலும் கேம்ப்புகளிலும் பல வடிவங்களில் உலவுவதை நான் அறிவேன். ஒரு வடிவத்தில் நான் ஒரு சடலத்துக்கு ஹெல்மெட் அணிவிக்கிறேன். மற்றொன்றில் அமெரிக்கத் தூதரகம் என்னை அழைத்து விசாரிக்கிறது. இரண்டும் பொய். நடந்தது வேறு. அது தொடக்கம் முதல் முடிவு வரை முறைப்படி நடந்தது. என் பெயரோடு சேர்ந்து பேசப்படும் ஒரு செய்தி சரியான வடிவத்தில் இருக்கவேண்டும் என்பதால் இதை எழுதுகிறேன்.

என் கல்வியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மதுரையில் வரலாற்றில் முதுகலை படித்தேன். அமெரிக்க வரலாறு என்ற தாளில் கல்லூரியிலேயே முதல் மதிப்பெண் எனக்குத்தான். அந்தத் தாள் எதற்குப் பயன்படும் என்று என் தந்தையார் கேட்டார். ஆங்கிலத் தட்டச்சில் உயர்நிலை தேறியதுதான் என்னை வளைகுடாவுக்குக் கொண்டுவந்தது. அபுதாபியின் முசஃபா தொழிற்பேட்டையில் இரும்புக் கட்டுமானப் பட்டறை ஒன்றில் எழுத்தராகச் சேர்ந்து, வரைபடங்களுக்கு எண் போடக் கற்றுக்கொண்டு, படிப்படியாக உயர்ந்து, சவுதியின் யான்புவில் ஓர் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை விரிவாக்கப் பணிக்கு ஆவணக் கட்டுப்பாட்டுத் தலைவராகப் போனேன். அங்கேதான் என் அமெரிக்க வரலாறு கைகொடுத்தது.

நடந்ததைப் புரிந்துகொள்ள எங்கள் நடைமுறை தெரிந்திருக்கவேண்டும். ஒரு வரைபடமோ கணக்கீடோ அறிக்கையோ என் பிரிவுக்குள் வந்ததும் அதற்கு ஓர் எண் தரப்படும். எண் இல்லாதது வெறும் தாள், ஆவணம் அன்று. அதன் வகை எதுவோ அதைப் பொறுத்து அது எந்தெந்தத் துறைகளுக்குப் போகவேண்டும் என்பது முன்பே முடிவு செய்யப்பட்டிருக்கும். ஒவ்வொரு துறையும் தன் கமெண்டை எழுதித் திருப்பியனுப்பும். ஆவணத்தை எழுதியவர் ஒவ்வொரு கமெண்டுக்கும் பதில் சொல்லவேண்டும். அந்தப் பதில் போதுமா என்பதைச் சொல்லும் உரிமை கமெண்ட் எழுதியவருக்கு மட்டுமே உண்டு. அவர் "முடிந்தது" என்று கையெழுத்திட்டால்தான் அது முடிந்தது. கமெண்டே இல்லாமல் ஏற்கப்பட்டால் கோட் ஏ. குறிப்புகளுடன் ஏற்கப்பட்டால் கோட் பி. திருத்தி மீண்டும் கொண்டுவா என்றால் கோட் சி. கோட் சி பெற்ற தாள் என் பிரிவைத் தாண்டி வெளியே போகாது. என் பணிக்காலத்தில் ஒருமுறைகூடப் போனதில்லை.

எங்கள் திட்ட இயக்குநர் ஓர் அமெரிக்கர். அவரை டோல்வர் என்று அழைக்கிறேன். குடும்பத்தார் அந்த ஊரிலேயே வாழ்வதால் உண்மைப் பெயரைச் சொல்வது முறையன்று. உயரமானவர், உழவர் குடும்பத்தில் பிறந்தவர். எதையும் நின்றுகொண்டுதான் படிப்பார். காதில் தச்சர்கள் செருகும் தட்டைப் பென்சில் ஒன்று எப்போதும் இருக்கும். யார் எதைச் சொன்னாலும் அவர் கேட்கும் முதல் கேள்வி, "யார் சொன்னது?" என்பதே. அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. கோபம் வரவர அவர் குரல் தாழும். மிகுந்த கோபத்தில் இருக்கும்போது அறையில் இருப்பவர்கள் எல்லோரும் முன்னால் சாய்ந்து காதைக் கொடுக்கவேண்டியிருக்கும். சேர்ந்த புதிதில் என்னை நாதன் என்று அழைத்தார். என் பெயர் சிதம்பரநாதன் என்றும், முழுப்பெயர் கோப்புகளில் உள்ளது என்றும் தெரிவித்தேன். அவர் தனியாகப் பயிற்சி செய்திருக்கவேண்டும். அடுத்த வாரக் கூட்டத்தில் ஓர் எழுத்தும் பிசகாமல் சொன்னார். அன்றிலிருந்து எனக்கு அவர்மேல் மதிப்பு.

ஒருநாள் கூட்டம் முடிந்ததும் என்னை மட்டும் இருக்கச் சொன்னார். நான் வரலாறு படித்தவன் என்பதை எப்படியோ அறிந்திருந்தார். அவருடைய கொள்ளுத்தாத்தாவின் தந்தை ஹிராம் டோல்வர், பத்தொன்பதாம் நூற்றாண்டில் அவர்கள் மாநிலத்தின் செனட்டர். வாஷிங்டன் செனட் அன்று. மாநிலத்துக்குள் இருக்கும் மேலவை. அவர்கள் சிற்றூரின் பள்ளிக்கு அவர் பெயர்தான். இப்போது ஒரு தானிய வணிகக் குடும்பம், பள்ளிக்கு விளையாட்டுக்கூடம் கட்டித் தருகிறோம், பெயரை எங்கள் பாட்டனார் பெயராக மாற்றுங்கள் என்கிறது. அப்படி என்ன செய்துவிட்டார் உங்கள் ஹிராம் என்று ஊர் மன்றம் கேட்கிறது. தகுதியுள்ளவர்களால் சரிபார்க்கப்பட்ட ஒரு வாழ்க்கை வரலாற்றைக் கொண்டுவந்தால் வாக்கெடுப்புக்கு முன் படித்துப் பார்ப்போம் என்கிறது. டோல்வரின் தாயார் உயிரோடு இருந்தார். தொண்ணூறைத் தாண்டியவர். அந்தப் பள்ளியிலேயே வாழ்நாள் முழுவதும் ஆசிரியையாக இருந்தவர். அவர் கண் மூடுவதற்கு முன் அந்தப் பலகை இறங்கக் கூடாது என்பதுதான் மகனின் கவலை.

"தகுதியுள்ளவர்கள் சரிபார்க்கவேண்டுமாம், மிஸ்டர் சிதம்பரநாதன்," என்றார். "இந்தப் பாலைவனத்தில் எனக்குத் தகுதியுள்ளவர்களைத் தவிர வேறு யாரும் இல்லை. எழுதுங்கள். நம் முறைப்படியே அனுப்புங்கள்."

நம் முறைப்படியே என்று சொன்னவர் அவர். இதை இளைஞர்கள் கவனிக்கவேண்டும்.

அவர் தாயார் சொன்னவற்றையும், அந்த மாநிலச் சட்டமன்றத்தின் பழைய பதிவுகளின் நகல்களையும், செய்தித்தாள் துணுக்குகளையும் வைத்து வரலாற்றை எழுதினேன். ஹிராம் டோல்வர் ஆற்றுத் தண்ணீரால் ஓடும் மாவு மில் வைத்திருந்தார். சட்டத்தை ஒரு வழக்கறிஞரின் வரவேற்பறையில் உட்கார்ந்து கற்றார். முதல் தேர்தலில் கீழவைக்குப் போனார். தெருவில் பன்றிகள் திரிவதைத் தடுக்கும் மசோதாவைக் கொண்டுவந்தார். அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே சட்டமன்றத்துக்குள் ஒரு பன்றி நுழைந்ததாகவும், சபாநாயகர் அதை வெளியேற்ற மறுத்ததாகவும் பதிவு உண்டு. மசோதா தோற்றது. அவர் கட்சி மாறினார். மாவட்டத்தின் நீதிமன்றம் ஆற்றுக்கு அக்கரையில் இருந்த போட்டி ஊரில் இருந்தது. பதிவேடுகள் எந்த ஊரில் இருக்கின்றனவோ அதுவே தலைமையிடம் என்று சட்டத்தில் ஒரு வரியைக் கண்டுபிடித்து, தம் ஊர்க்காரர்களோடு போய், நீதிமன்றப் பதிவேடுகளை மாட்டுவண்டியில் ஏற்றி இக்கரைக்குக் கொண்டுவந்துவிட்டார். பின்னர் செனட்டர் ஆனார். இரண்டு ஊர்களையும் சமாதானப்படுத்த ஒரு மரப்பாலம் கட்டவைத்தார். அதன் திறப்பு விழாவில் மேடை ஏறிப் பேசினார்; மேடை உடைந்து ஆற்றில் விழுந்தார்; அதனால் வந்த காய்ச்சலில் காலமானார்.

எழுதி முடித்தபின் ஒரு சிக்கல். எங்கள் எண் முறையில் மனிதனின் வாழ்க்கைக்கு என்று ஒரு வகை இல்லை. கருவி விவரம் என்று பதிந்தால் இயந்திரத் துறைக்கு மட்டும் போகும். அவர் இயந்திரம் அல்லர். நன்றாக யோசித்து, பொது அறிக்கை என்ற வகையில் சேர்த்தேன். அன்று அதைவிடச் சரியான வகை இல்லை, இன்றும் இல்லை. பொது அறிக்கை எல்லாத் துறைகளுக்கும் போகும். அதுவும் விதிதான். ஹிராம் டோல்வரின் வாழ்வும் பணியும், முதல் ரிவிஷன், மறுஆய்வுக்கு என்று முத்திரையிட்டு அனுப்பிவைத்தேன்.

மின்துறை மறுநாளே திருப்பியது: அக்காலத்தில் மின்சாரம் இல்லை, எனவே கமெண்டும் இல்லை. குழாய்த் துறை, மில்லின் தண்ணீர் எந்தத் திசையில் ஓடியது என்று ஓர் அம்புக்குறி கேட்டது. கட்டுமானத் துறைத் தலைவர் குமரன் நேரிலேயே வந்துவிட்டார். கோபிச்செட்டிபாளையத்துக்காரர், மரியாதையில் குறைவைக்காதவர்.

"ஏனுங் சார், இந்தப் பாலம் எத்தன பாரத்துக்கு டிசைன் பண்ணுனதுங்க?" என்றார்.

மாட்டுவண்டி போகுமளவுக்கு என்று பதிவில் உள்ளதாகச் சொன்னேன்.

"காலி வண்டிங்களா, பதிவேடு ஏத்துன வண்டிங்களா?"

இது நியாயமான கேள்வி. இரண்டுக்கும் வேறுபாடு உண்டு. பதிவேடுகள் வந்தது பாலத்துக்கு முன்பு, ஆற்றின் ஆழமில்லாத துறை வழியாக என்று பதில் எழுதினேன். அவர் படித்து, தலையசைத்து, முடிந்தது என்று கையெழுத்திட்டார். பாலம் அறுபது ஆண்டுகளுக்குமேல் நின்றது என்பதைத் தனியாக ஒரு வரி சேர்க்கவேண்டும் என்றும் சொன்னார். "மேடைதானுங்க விழுந்துச்சு. பாலத்துமேல பழி வரக்கூடாதுங்க." தாம் பிறந்த ஊர்ப் பாலத்துக்கு அவர் வாதாடுவதுபோல் இருந்தது.

உண்மையான தொல்லை திட்டமிடல் துறையிலிருந்து வந்தது. அதன் பொறுப்பாளர் மொயீன், ஹைதராபாத்காரர். எந்த அறிக்கையையும் ஒரு காலக்கோடாக வரைந்து பார்த்தால்தான் அவருக்கு உறக்கம் வரும். ஹிராமின் வாழ்வையும் வரைந்திருக்கிறார். வண்டியில் பதிவேடு வந்த ஆண்டுக்கும் செனட்டர் ஆன ஆண்டுக்கும் நடுவே கோடு வெறுமையாக இருந்தது. அந்த இடத்தில் சிவப்பு வட்டம் போட்டு என் மேசைக்குக் கொண்டுவந்தார். "சாப், இஸ் டைம் ஆத்மி கிதர் தா?" என்று கேட்டார். இந்தக் காலத்தில் ஆள் எங்கே இருந்தான்?

அதை இயக்குநரிடம் கொண்டுபோனேன். அவர் நின்றபடியே படித்தார். காதிலிருந்த பென்சிலை எடுத்து, "குடும்பக் காரணங்கள்" என்று எழுதி, இதோடு முடித்துவிடுங்கள் என்றார்.

கமெண்டை முடிக்கும் உரிமை அவருக்கு இல்லை. மொயீனுக்குத்தான் உண்டு என்று சொன்னேன். அப்படியே மொயீனிடம் கொடுங்கள், அவர் கையெழுத்திடுவார் என்றார். அவர் இடக்கூடும், ஏனெனில் அவருடைய லீவு தங்கள் கையெழுத்தில்தான் இருக்கிறது, ஆகவே அந்தக் கையெழுத்துக்கு மதிப்பு இல்லை என்றேன். அதற்குமேல் அவர் சொன்னதை நான் முன்னால் சாய்ந்துதான் கேட்கவேண்டியிருந்தது. இந்தத் திட்டத்தில் யார் யாருக்குக் கீழ் என்பது எனக்கு நினைவிருக்கிறதா என்று கேட்டார்.

"நினைவிருக்கிறது ஐயா," என்றேன். "தாங்கள் விரும்பினால் இந்தத் தாளை இப்போதே எடுத்துக்கொண்டு போகலாம். எண்ணை நீக்கித் தந்துவிடுகிறேன். ஆனால் அது எவராலும் சரிபார்க்கப்படாத தாளாகத்தான் உங்கள் ஊருக்குப் போகும். அங்கே யாராவது, யார் சொன்னது என்று கேட்டால், தாங்கள்தான் பதில் சொல்லவேண்டும்."

அவர் நெடுநேரம் சன்னல் வழியாகத் தொட்டிகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். வீட்டுக்கு அனுப்பப்படுவேன் என்றே நினைத்தேன். என் மகனுக்கு அப்போது கல்லூரிச் சேர்க்கை நேரம். ஆயினும் சொன்னதைத் திரும்பப்பெறும் எண்ணம் எனக்கு வரவில்லை. பிறகு அவர் தொலைபேசியை எடுத்துத் தம் தாயாரை அழைத்தார். நான் வெளியேற எழுந்தேன், உட்காரும்படி கைகாட்டினார். ஒலிபெருக்கியையும் அழுத்தினார்.

அந்த அம்மையாரின் குரல் நடுக்கமில்லாமல் இருந்தது. மகன் கேட்டதும், ஹிராம் அந்தக் காலம் முழுவதும் அக்கரை ஊரின் சிறையில் இருந்தார் என்றார். நீதிமன்றப் பதிவேடுகளைக் கடத்திய குற்றம். சிறையில் இருக்கும்போதுதான் அவரைச் செனட்டராகத் தேர்ந்தெடுத்தார்கள். ஊருக்காகச் சிறை போனவர் என்று இக்கரை முழுவதும் வாக்களித்ததாம். தொல்லை தலைநகருக்குப் போகட்டும் என்று அக்கரையும் வாக்களித்ததாம். பதவியேற்புக்குச் சிறைக் காவலரே அவரை வண்டியில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார்.

"இது எனக்குத் தெரியாதே, அம்மா," என்றார் டோல்வர்.

"பிள்ளைகள் ஒவ்வோர் ஆண்டும் கேட்பார்கள்," என்றார் அவர். "உடல்நலத்துக்காக மலைப்பக்கம் போயிருந்தார் என்று சொல்லிவைத்தேன். வகுப்பறையில் நான் சொன்ன பொய் அது ஒன்றுதான். அதை இவ்வளவு காலம் கழித்து யார் கண்டுபிடித்தது?"

திட்டமிடல் துறை என்றார் மகன். அவர்களுக்குத் தம் வாழ்த்தைச் சொல்லும்படியும், உள்ளதை எழுதும்படியும் சொல்லிவிட்டு அந்த அம்மையார் தொலைபேசியை வைத்துவிட்டார். டோல்வர் பென்சிலால் எழுதியதை அழித்தார். பேனாவை எடுத்துத் தம் கையாலேயே, "சிறையில் இருந்தார்" என்று எழுதினார். மொயீன் அன்று மாலையே கையெழுத்திட்டார். காலக்கோட்டில் அந்த இடத்துக்கு அவர் பச்சை வண்ணம் தீட்டியதையும் பார்த்தேன். வேலையில்லாத காலத்துக்கு அவர் வழக்கமாகத் தீட்டும் வண்ணம் அது அன்று. தடையின்றி நடந்த பணிக்குத் தீட்டுவது.

எஞ்சியது பாதுகாப்புத் துறை. அதன் மேலாளர் இசக்கிமுத்து, திருச்செந்தூர்ப் பக்கம். என்னைவிட இளையவர்; என்னை அண்ணாச்சி என்றே அழைப்பார். அவர் கோட் சி கொடுத்து, விபத்து அறிக்கை இணைக்கப்படவில்லை என்று ஒரே வரி எழுதியிருந்தார். இயக்குநர் லீவில் புறப்படும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. இசக்கிமுத்துவின் கேபினுக்குப் போனேன்.

"தம்பி, இவர் இறந்து ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகிறது," என்றேன்.

"செத்தது யாரா இருந்தா எனக்கென்ன அண்ணாச்சி? மேடையிலேர்ந்து விழுந்துதான செத்தாரு? விழுந்தா இன்சிடென்ட். இன்சிடென்ட்னா ரிப்போர்ட். தாமதத்துக்குக் காரணம் எழுத அதுல ஒரு கட்டம் இருக்குல்லா, அதுல எழுதுங்க."

அவர் நம் சைட் ஊழியர் அல்லர் என்றேன். அப்படியானால் அவர் வரலாறு நம் எண்ணோடு ஏன் வந்தது என்று கேட்டார். எண் கொடுத்தது நான்தான். இருவரும் உட்கார்ந்தோம். பாதுகாப்புத் துறையில் ஒரு வழக்கம் உண்டு. எந்த விபத்துக்கும் ஏன், ஏன் என்று ஐந்து முறை கேட்டு மூலகாரணத்தைக் காணவேண்டும். இசக்கிமுத்து கேட்கக்கேட்க நான் பதிவுகளைப் பார்த்துப் பதில் சொன்னேன். ஏன் விழுந்தார்? மேடை உடைந்தது. ஏன் உடைந்தது? கூட்டம் அதன்மேல் ஏறியது. ஏன் ஏறியது? நின்று கால் கடுத்து, உட்கார இடம் தேடியது. ஏன் கால் கடுத்தது? பேச்சு முடியவில்லை. மேடை தாங்காது, முடித்துக்கொள்ளுங்கள் என்று தச்சர் இருமுறை எச்சரித்ததும் பதிவில் உண்டு.

"ஏன் முடிக்கல?" என்றார் இசக்கிமுத்து.

"அவர் அரசியல்வாதி," என்றேன்.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "மூலகாரணம் தொழில்னு எழுதுனா திருத்த நடவடிக்கை என்னன்னு கேப்பானுவளே, அண்ணாச்சி. தொழிலயா தடை பண்ண முடியும்?"

கடைசியில் மூலகாரணம், தச்சரின் எச்சரிக்கையைப் பொருட்படுத்தாமை என்று முடிவானது. திருத்த நடவடிக்கையாக, இந்தப் பாடத்தைக் காலைக் கூட்டத்தில் தொழிலாளர்களுக்குச் சொல்லவேண்டும். சொல்லி முடித்தால் கோட் பி தருவதாகச் சொன்னார். கோட் ஏ ஏன் இல்லை என்று கேட்டேன். "செத்துருக்காருல்லா," என்றார்.

ஆகவே மறுநாள் வேலை தொடங்குமுன், சாரம் கட்டுபவர்களும் வெல்டர்களும் வரிசையாக நின்றிருக்க, ஹெல்மெட் அணிந்து நான் அந்த வரலாற்றைத் தமிழிலும் பிறகு இந்தியிலும் சொன்னேன். வதந்தியில் வரும் ஹெல்மெட் இதுதான். அது என் தலையில் இருந்தது. அமெரிக்காவில் ஒரு செனட்டர், தச்சர் தாங்காது என்று சொன்ன மேடையில் நின்று பேசி, விழுந்து இறந்தார். ஆகவே சாரத்தில், சோதித்தாயிற்று என்று காட்டும் பச்சை அட்டை தொங்காவிட்டால், இயக்குநரே சொன்னாலும் ஏறாதீர்கள் என்றேன். கேள்வி உண்டா என்று வழக்கப்படி கேட்டேன். வழக்கமாக யாரும் கேட்பதில்லை. அன்று சிவகங்கைப் பக்கத்துச் சாரக்காரர் ஒருவர் கையை உயர்த்தினார். பெயர் கருப்பையா. ஊரைப் பார்த்து நெடுங்காலமானவர்.

"பாடிய ஊருக்கு அனுப்பிட்டாங்களா சார்?" என்று கேட்டார்.

அவர் தம் சொந்த ஊரில்தான் இறந்தார், தம் வீட்டில், மனைவி மக்கள் அருகிலிருக்க, என்றேன். வரிசையின் பின்னாலிருந்து யாரோ, "அப்ப குடுத்துவச்ச ஆளு," என்றார். சிலர் ஆமோதித்தார்கள். அணிவகுப்பு கலைந்து வேலைக்குப் போயிற்று. இயக்குநர் டோல்வர் தள்ளி நின்று கேட்டுக்கொண்டிருந்ததை அப்போதுதான் பார்த்தேன். என்ன சொன்னார்கள் என்று கேட்டார். மொழிபெயர்த்துச் சொன்னேன். அவர் தலையசைத்தார். அந்த ஆண்டு, லீவு தள்ளிப்போயிருந்தவர்களின் தாள்களை எல்லாம் தம் மேசைக்கு வரவழைத்துக் கையெழுத்திட்டுவிட்டே அவர் விமானம் ஏறினார். இதற்கும் ஹிராமுக்கும் தொடர்பு உண்டா என்று நான் கேட்கவில்லை. கேட்பது என் வேலையும் அன்று.

அவர் கொண்டுபோன ஆவணத்தில் வரலாற்றோடு எல்லாத் துறைகளின் கமெண்டுகளும், பதில்களும், முதல் பக்கத்தில் என் பிரிவின் முத்திரையும் இருந்தன: குறிப்புகளுடன் ஏற்கப்பட்டது.

ஊர் மன்றத்தில் நடந்ததை அவர் திரும்பிவந்து என்னிடம் சொன்னார். தானியக் குடும்பத்தின் வழக்கறிஞர் கடைசியில் எழுந்து, ஊரே திகைக்கும் ஒன்றைச் சொல்லப்போவதாக அறிவித்து, ஹிராம் டோல்வர் சிறையில் இருந்தவர் என்றாராம். மன்றத் தலைவி தாளைப் புரட்டி, அது திட்டமிடல் துறையின் கமெண்ட், பதில் தரப்பட்டு முடிந்துவிட்டது, வேறு ஏதேனும் உண்டா என்று கேட்டிருக்கிறார். வழக்கறிஞரிடம் வேறு இல்லை. மேடை சரிந்ததை ஒருவர் எழுப்பினார், அதுவும் முடிந்திருந்தது. பாலத்தைப் பற்றிப் பேச எழுந்தவர், கட்டுமானத் துறையின் வரியைப் படித்துவிட்டுத் தாமே உட்கார்ந்துவிட்டார். ஆனாலும் வாக்குகள் சரிபாதியாகப் பிரிந்தன. பெயர் இருக்கட்டும் என்று ஒரு பாதி. சிறை சென்றவர் பெயரை எந்தக் குறிப்பும் இல்லாமல் பிள்ளைகளின் தலைக்குமேல் வைக்கமுடியாது என்று மறுபாதி. அப்போது டோல்வரின் தாயார் தம் சக்கர நாற்காலியிலிருந்து கையை உயர்த்தி, முதல் பக்கத்தில் இருப்பதையே பலகையிலும் எழுதிவிடுங்களேன் என்றாராம். ஏற்கப்பட்டது என்பது ஒரு பாதிக்குப் போதுமானதாக இருந்தது. குறிப்புகளுடன் என்பது மறுபாதிக்கு.

டோல்வர் எனக்கு ஒரு புகைப்படம் கொடுத்தார். அதை இந்தக் கட்டுரையை எழுதும்போதும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். வெண்கலப் பலகை. ஹிராம் டோல்வர் பள்ளி என்று பெரிய எழுத்தில். அதன்கீழ் சிறிய எழுத்தில், குறிப்புகளுடன் ஏற்கப்பட்டது என்று. பலகைக்குக் கீழே சக்கர நாற்காலியில் அந்த அம்மையார், கழுத்தில் துண்டு சுற்றிக்கொண்டு, கண்ணைச் சுருக்கி வெயிலைப் பார்க்கிறார்.

படத்தைப் பார்த்ததும் என் கண்ணில் பட்டதை இயக்குநரிடம் சொன்னேன். முத்திரையில் தேதியும் ரிவிஷன் எண்ணும் இல்லை. தேதியில்லாத முத்திரையை என் பிரிவில் எவருக்கும் நான் அனுமதித்ததில்லை. அவை இல்லாமல் அந்த ஒப்புதல் செல்லுபடியாகாது. அவர் படத்தை வாங்கி, நின்றபடியே, நெடுநேரம் பார்த்தார். இடம் போதவில்லை என்று பலகை செய்தவர் சொல்லிவிட்டார் என்றார். அவருடைய தாயாருக்கு அது அப்படியே பிடித்திருக்கிறதாம். தினமும் ஒருமுறை அந்த வழியாகத் தள்ளிக்கொண்டு போகச் சொல்கிறாராம்.

மேற்கொண்டு நான் எதுவும் எழுதி அனுப்பவில்லை. அப்படியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.